மனசு மாறிய நாலு பேர்

மேலக்கரிசலில் கரண்டுக்கும் ஓட்டு உண்டு. ஊர்ப்பொதுவில் சோலார் தகடு போட்டிருந்தார்கள். எந்தத் தெருவுக்கு எவ்வளவு மின்சாரம் என்பதைச் சங்க உறுப்பினர்கள் செல்போன் செயலியில் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

சங்கத் தலைவர் வேலாயுதப்பெருமாளுக்கு ஐஸ் கம்பெனி இருந்தது. கீழத்தெருவின் மின்சாரத்தை அதற்குத் திருப்பலாம் என்று மூணு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் ஜெயித்தது. அன்றைக்கே கீழத்தெருவில் தண்ணீர் மோட்டார் நின்றது.

தகடு துடைக்கும் கீழத்தெருப் பேச்சித்தாய், ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் முறையிட்டாள். பக்கத்திலிருந்த தலைவர் சிரித்தார்.

“எனக்குப் போட்டவங்கள்ல நாலு பேரு மனசு மாறிட்டோம்னு எம்முன்னால சொல்லட்டும், கரண்டைத் திருப்பித் தாரேன். கூட்டிட்டு வா பாப்போம்!”

அவள் செயலியில் ஓட்டுப் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

“நாலு பேரு இருக்காங்கய்யா. அவங்களால வர முடியாது. நாமதான் போகணும்.”

அதிகாரி அவளோடு கிளம்பிவிட்டார். தலைவரும் வேறு வழியில்லாமல் வெயிலில் நடந்தார். அவள் போய் நின்ற இடம் சுடுகாடு.

நாலு மண்மேடுகளைப் பேர் சொல்லிக் காட்டினாள். அதிகாரி பட்டியலைப் பார்த்தார். நாலு பேரும் அதில் இருந்தார்கள். பேருக்கு நேரே இருந்த போன் நம்பரின்படி, நாலு ஓட்டும் தலைவரின் போனிலிருந்தே போயிருந்தன.

கடைசி மேடு அவள் புருஷனுடையது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து தலைவரைப் பார்த்தாள்.

“இவருகிட்டயே கேளுங்கய்யா. உசிரோட இருந்தவரைக்கும் இவரு உங்களுக்கு ஓட்டே போட்டதில்ல. செத்த பிறகு எப்படி மனசு மாறுனாருன்னு நானும் தெரிஞ்சுக்கிடுதேன்.”