நடு ஸ்லைடு

மருத்துவக் கல்லூரியின் திசு ஆய்வுக்கூடத்தில் சகாயராணிக்கு வாய்த்த சீடர்களிலேயே வயதில் மூத்தவர் டாக்டர் தணிகாசலம். அவருக்கு அறுபத்தொன்று. பணி ஓய்வு பெற்ற அறுவை மருத்துவர். சகாயராணிக்கு முப்பத்தாறு, டெக்னீஷியன். மூளைத் துண்டுகளுக்கு வெள்ளிச் சாயம் ஏற்றி நரம்புகளைக் கறுப்பாக எடுத்துக் காட்டுவதில் அவருக்கு இணை இல்லை என்று பேராசிரியர்களே ஒப்புக்கொள்வார்கள்.

"ஒரே மூளைம்மா. மூணு துண்டுதான் இருக்கு. மறதி நோய் இருந்துதான்னு பார்க்கணும்," என்றார் தணிகாசலம்.

"வெச்சிட்டுப் போங்க சார். ரெண்டு நாள்ல செஞ்சு தர்றேன்."

"இல்ல, என் கையால செய்யணும். கத்துக்கொடுங்க."

யாருடைய மூளை என்று சகாயராணி கேட்கவில்லை. ஸ்லைடில் 417 என்ற எண் மட்டும் இருந்தது. பெயர் எழுதுவது அங்கே வழக்கமில்லை.

முதல் மூன்று நாளும் ஜாடி கழுவும் வேலைதான். அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த வாலை நீரில் ஆறு முறை அலச வேண்டும். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் வெள்ளிக் கரைசல் பால்போல வெளுத்துவிடும்.

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸுக்கு அப்புறம் பாத்திரம் கழுவறேன்," என்று முனகினார் தணிகாசலம்.

"வீட்டுல கழுவிப் பழகியிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும், சார்."

நாலாம் நாள் சகாயராணி ஒரு ஜாடியில் மூன்று ஸ்லைடுகளை நிறுத்தினார். வலது ஓரத்தில், மறதி நோயால் இறந்த ஒருவருடைய மூளைத் துண்டு. இடது ஓரத்தில், அந்த நோய் இல்லாத ஒருவருடையது. நடுவில் 417.

"தெரிஞ்சது ரெண்டு, தெரியாதது ஒண்ணு. மூணும் சேர்ந்துதான் இறங்கணும்," என்றார்.

முதல் துண்டு வீணாயிற்று. பழக்க தோஷத்தில் தணிகாசலம் ஸ்டீல் இடுக்கியால் ஸ்லைடை எடுத்துவிட்டார். இடுக்கி பட்ட இடமெல்லாம் கறுப்புக் கோடு.

"வெள்ளிக்கு இரும்பைக் கண்டா போதும், நரம்பை விட்டுட்டு அதுகிட்ட ஓடிரும். பிளாஸ்டிக் இடுக்கி அந்த டப்பாவுல இருக்கு, சார்."

இரண்டாவது துண்டு கடைசிக் கட்டம் வரை நன்றாகவே போனது. அந்தக் கட்டத்தில்தான் வெள்ளி கறுக்கத் தொடங்கும். சரியான நொடியில் எடுத்து ஹைப்போ கரைசலில் போட்டுவிட வேண்டும். அதோடு கறுப்பது நின்றுவிடும்.

"போதும் சார், எடுங்க."

"இன்னும் கொஞ்சம்."

"போதும்."

"கொஞ்சம் இரும்மா!"

மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் துள்ளி நிமிர்ந்தார். "இருக்கு! இங்க பாருங்க, எத்தனை புள்ளி! மறதி நோயேதான். சந்தேகமே இல்லை." அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு மூளையில் நோய் கண்டு ஒரு மருத்துவர் அவ்வளவு மகிழ்ந்து சகாயராணி பார்த்ததில்லை.

சகாயராணி 417-ஐ எடுத்துவிட்டு இடது ஓரத்து ஸ்லைடை வைத்தார். "இதையும் பாருங்க."

தணிகாசலம் பார்த்தார். அதிலும் அதே புள்ளிகள். அதே அளவு.

"இது யாரு?"

"பத்தொன்பது வயசுப் பையன். சாலை விபத்து. இவனுக்கும் மறதி நோயா, சார்? நேரம் தாண்டினா வெள்ளி எல்லார் மூளையிலயும் புள்ளி வெச்சிரும்."

தணிகாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார். கறுத்துப்போயிருந்த தன் விரல் நுனிகளைப் பார்த்தபடி பேசினார்.

"417 என் தம்பி. அம்மாவுக்கு ஆபரேஷன் வேண்டாம்னு சொன்னான். நான் கேட்கலை, நானே செஞ்சேன். அம்மா டேபிள்லயே போயிட்டாங்க. பதினொரு வருஷம் என்கிட்ட பேசலை. அவன் முடியாம கிடக்கறப்ப போய் நின்னேன். என்னை நேருக்கு நேர் பார்த்தான். 'நீங்க யாரு?'ன்னான். கொஞ்ச நாளாவே மறதிதான்னு அவன் சம்சாரம் சொல்லுச்சு. உண்மையாத்தான் சொல்லுச்சா, என் மூஞ்சியைப் பார்த்துட்டுச் சொல்லுச்சான்னு தெரியலை."

சகாயராணி பையனுடைய ஸ்லைடை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்தார்.

"இன்னும் ஒரு துண்டு இருக்கு, சார்."

"நீங்களே செஞ்சிருங்க."

"நான் செஞ்சா நாளைக்கு என் கையைச் சந்தேகப்படுவீங்க."

"என் கைக்கு நிறுத்தத் தெரியலையேம்மா. எதைப் பார்த்து நிறுத்தறது?"

"இந்தப் பையனைப் பார்த்து."

"ஏன் அவனை?"

"அவன்கிட்டேருந்து உங்களுக்கு ஒண்ணும் வேண்டியதில்லையே."

மறுநாள் காலை மூன்று ஸ்லைடுகளும் இறங்கின. தணிகாசலம் பையனுடைய ஸ்லைடை மட்டும் எடுத்து எடுத்துப் பார்த்தார். பொன்னிறப் பின்னணியில் நரம்பிழைகள் மெல்லக் கறுத்து வந்தன. இழை மட்டும் தெரிந்தது. புள்ளி எதுவும் விழவில்லை. இம்முறை சகாயராணி 'போதும்' சொல்ல வேண்டியிருக்கவில்லை. தணிகாசலமே மூன்றையும் எடுத்து ஹைப்போவில் போட்டார்.

வலது ஓரத்து ஸ்லைடில் மை சிந்தியதுபோலத் திட்டுத் திட்டாக நோய் தெரிந்தது. இடது ஓரத்தில் வெறும் இழைகள்.

நடு ஸ்லைடை அவர் வெகுநேரம் பார்த்தார். வயலில் ஏர் ஓட்டுவதுபோல ஒரு கரையிலிருந்து மறுகரைவரை வரிசை வரிசையாக நகர்த்தினார். இழைகள் அறுபடாமல் ஓடின. ஒரு திட்டுகூட இல்லை.

எழுந்து இடம் விட்டார். சகாயராணியும் ஒரு முறை முழுக்கப் பார்த்தார்.

"இந்தத் துண்டுல இல்லை, சார்."

"நினைவைச் சேர்த்துவைக்கிற இடத்துத் துண்டு இது. இங்க இல்லைன்னா அந்த நோயே இல்லை. அது எனக்குத் தெரியும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டவில்லை. "அப்ப தெரிஞ்சேதான் கேட்டிருக்கான், யாருன்னு."

சகாயராணி காலி ஜாடியை அமிலத் தொட்டியில் இறக்கினார்.

"ஆமா, சார். கடைசிவரைக்கும் அவர் உங்களை மறக்கலை."