ஈரத்தோடு கரையேறியவன்

இன்றைக்கு வெறும் மணலாய்க் கிடக்கிற அந்த ஆற்றில் அப்போது தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. அக்கரை தம்பிக்கு, இக்கரை அண்ணனுக்கு. பட்டத்துக்காக இருவருக்கும் சண்டை. இரண்டு கரையிலும் உழுதவர்கள் அடிமைகள்தான்.

அக்கரையில் கதிர் முற்றிய சமயம், அண்ணனின் தளவாய்க்குத் திடீரென்று தர்மம் ஞாபகம் வந்தது. பறையடிக்கும் அடிமை மூக்கனைக் கூப்பிட்டார்.

"அக்கரையிலிருந்து நீந்தி வருகிறவன் இனி அடிமையில்லை என்று சொல்லடா. சின்னவனுக்கு அறுக்க ஆள் இருக்காது, நமக்கு வேல் பிடிக்க ஆள் கிடைக்கும்."

"நம்ம கரை ஆளுங்க, சாமி?"

"அவர்களை விட்டால் நம் வயலை யார் அறுப்பது? கேள்வி கேட்காமல் அடி."

மூக்கன் ஒரு சொல் மாற்றாமல் அறிவித்தான். அக்கரையில் நூறு பேர் தண்ணீரோரம் வந்து கூடினார்கள். மூக்கனும் பறையைக் கீழே வைத்துவிட்டுக் குதித்தான். அக்கரையைத் தொட்டுத் திரும்பி, அவர்களோடு இறங்கி முன்னால் நீந்தி வந்து, தளவாய் எதிரில் சொட்டச் சொட்ட நின்றான்.

"நானும் அக்கரையிலிருந்துதான் வர்றேன், சாமி."

இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி நூறு பேர் பதிலுக்குக் காத்திருந்தார்கள். தளவாய் அவர்களைப் பார்த்தார்.

"சரி, போ" என்றார்.

அன்று சாயங்காலம்வரை இக்கரை ஆட்கள் போவதும் வருவதுமாக, அந்த ஆற்றில் தண்ணீரைவிடத் தலைகள்தான் அதிகம் தெரிந்தனவாம்.