நகப்பூச்சுக் கோடு

பிலோமினாவிடம் தொழில் பழக வந்தவர்களிலேயே வயதில் மூத்தவர் மருதாசலம்தான். அவருக்கு அறுபத்தொன்று. அவளுக்கு நாற்பதுகூட நிறையவில்லை. கோவை சுங்கத்துக்குப் பக்கத்தில் அவள் பட்டறை. ஊரில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் கல்லூரியில் வெப்பவியல் நடத்திய மனுஷர், ஓய்வு பெற்றதும் காக்கிச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றார். அவர் அவளை ‘மேஸ்திரியம்மா’ என்பார். அவள் அவரை ‘சார்’ என்பாள். இதில் யாருக்கு யார் குரு என்ற குழப்பமெல்லாம் வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் தன் சொந்த வண்டியையே பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு கதவு, தரையோடு படுத்துக் கிடக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு வயசு இருபத்தெட்டு.

“மேஸ்திரியம்மா, ரேடியேட்டர்ல ஊத்தற கூலன்ட் தண்ணி குறையுது. எங்க போகுதுன்னே தெரியல.”

“எவ்வளவு குறையுதுங்?”

அவர் நோட்டை விரித்தார். நூறு கிலோமீட்டருக்கு அறுநூறு மில்லி. தேதி, தூரம், ஊற்றிய அளவு, அன்றைய வெயில் எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தன. ரேடியேட்டர் மாற்றியாகிவிட்டது. வாட்டர் பம்ப் மாற்றியாகிவிட்டது. ரப்பர் குழாய் ஒன்றைக்கூட விடவில்லை. அடுத்த பக்கத்தில் வண்டியின் மற்ற கோளாறுகள் வரிசையாக நின்றன. மடங்கிக் கிடக்கும் இடது முன்விளக்கு மேலே எழும்புவதில்லை, ஜன்னல் பாதியில் நிற்கிறது, கடிகாரம் ஓடவில்லை என்று மொத்தம் இருபத்து மூன்று.

“என்ஜினுக்குள்ளதான் எங்கயோ வெடிப்பு இருக்கணும். இறக்கிப் பிரிச்சுடலாமா?”

“அதுக்குள்ள என்னங் சார் அவசரம்?”

மருதாசலம் நோட்டை மூடினார். அவசரம் கோத்தகிரியில் இருந்தது.

அவர் மனைவி வசந்தமணிக்குச் சித்திரையில் இதய வால்வு மாற்றினார்கள். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. டாக்டரே சிரித்தபடி அனுப்பிவைத்தார். ஆனால் மருதாசலத்துக்கு மனசு ஆறவில்லை. காபி குடிக்கும்போது நாடி பிடிப்பார். கோலம் போடும்போது மூச்சை எண்ணுவார். அசந்து தூங்கினால் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பார். கோத்தகிரியில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் கிளம்பினாள். இவர்தான் காரில் கொண்டுபோய் விட்டார். மலைப்பாதையில் ஏழு இடத்தில் வண்டியை நிறுத்தினார். ஏழு தடவையும் பானெட்டைத் திறந்தார், ஏழு தடவையும் அவள் கையைப் பிடித்தார். கோத்தகிரியில் இறங்கியதும் அவள் சொன்னாள்: “ஏனுங்க, நடுவழியில எங்கயும் நிக்காம என்னைக்கு இந்த வண்டி வந்து சேருதோ, அன்னைக்கு நான் ஏறிக்கறேன். அதுவரைக்கும் நீங்க அங்க, நான் இங்க.”

மூன்று வாரம் ஆயிற்று. பஸ்ஸில் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் டீ கொடுத்து அனுப்பிவிட்டாள்.

பிலோமினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினாள். ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தார்கள். பம்பின் முள் இம்மிகூட இறங்கவில்லை. என்ஜின் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை.

“ஒழுகல் இல்லீங் சார்.”

“இல்லாம எப்படிக் குறையும்?”

அவள் ரேடியேட்டருக்குப் புது மூடி ஒன்றைப் போட்டாள். மேசை இழுப்பறையிலிருந்து நகப்பூச்சுப் புட்டியை எடுத்தாள். இறுக்கிய போல்ட்டுகளுக்கு அடையாளம் வைக்கிற புட்டி அது. மூடிக்கும் ரேடியேட்டர் கழுத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். மூடியைத் திருகினால் கோடு உடைந்துவிடும்.

“மலையில பாதி தூரம் ஏறிட்டு வாங்க. சூடு காட்டற முள்ளு நடுவுல நிக்கற வரைக்கும் இந்தக் கோட்டை உடைக்கப்படாது. சிவப்புக்குப் போனா நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணுங்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவேதான்.”

சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வந்தார். முகம் சரியில்லை. பிலோமினா பானெட்டைத் தூக்கினாள். கோடு இருந்தது. குனிந்து பார்த்தாள். பிறகு தன் புட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“சார், என்னோடது மெரூன். இது குங்குமச் சிவப்பு.”

மருதாசலம் காக்கிச் சட்டையின் பொத்தானைத் திருகினார். பரீட்சையில் பிட் அடித்த எத்தனையோ பையன்களைப் பிடித்தவர், இன்று தானே மாட்டிக்கொண்டார். மேட்டுப்பாளையத்தில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்குள் நுழைந்து, கடைக்காரம்மா ஏற இறங்கப் பார்க்க, விரலில் பூசிப் பூசி நிறம் தேடியதை நினைத்தால் அவருக்கே கூசியது.

“முள்ளு சிவப்புக்குப் போச்சுங்களா?”

“இல்ல. நடுவுலதான் நின்னுது.”

“அப்புறம்?”

“மனசு கேக்கல.”

“எத்தனை தடவை?”

“நாலு.”

“எவ்வளவு ஊத்துனீங்?”

“அரை லிட்டர்.” இந்தப் பதில் மட்டும் சட்டென்று வந்தது.

“சூட்டோட திறக்கறப்ப, புஸ்ஸுன்னு கெளம்பி வெளிய எவ்வளவு போச்சுங்?”

மருதாசலம் நோட்டைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். நாற்பது பக்கம் இருந்தது. அந்தக் கணக்குக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

“அதை நான் அளக்கவே இல்ல” என்றார்.

அடக்கடவுளே என்று இருந்தது அவருக்கு. அழுத்தம் திடீரென்று இறங்கினால் சூடான நீர் குப்பென்று கொதித்துப் பொங்கும் என்று முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவர் அவர்தான். அந்த நீர் கண்ணுக்கு முன்னால் பொங்கி, சூடான இரும்பில் பட்டு ஆவியாகிப் போயிருக்கிறது. அவரோ துணியால் துடைத்துவிட்டு, குறைந்ததை ஊற்றி, ஊற்றியதை எழுதியிருக்கிறார்.

“இப்பப் புரியுது, மேஸ்திரியம்மா. ஆனா நாளைக்கும் திறப்பேன். எனக்கே தெரியும். கை தானாப் போகுது.”

அவள் பழந்துணியில் கொஞ்சம் தின்னர் ஊற்றி, குங்குமச் சிவப்புக் கோட்டை அழித்தாள். புட்டியை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

“புதுக் கோடு?” என்றார் அவர்.

“நாளைக்குக் கோடு இல்லீங்.”

“அப்ப நான் திறந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுங் சார்.”

அவர் இருபத்து மூன்று கோளாறுகளின் பட்டியலை நோட்டிலிருந்து கிழித்து நீட்டினார். “இதையாவது சரி பண்ணிக் கொடுங்க.”

அவள் வாங்கிப் படித்தாள். முன்சக்கரத்து பிரேக் கட்டைகளை அப்போதே மாற்றினாள். தேய்ந்த பின் டயர் ஒன்றைக் கழற்றிப் போட்டாள். பட்டியலில் அந்த இரண்டையும் அடித்தாள். மீதி இருபத்தொன்றோடு தாளை அவர் பையிலேயே திரும்ப வைத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மருதாசலம் கிளம்பினார். மேட்டுப்பாளையம் தாண்டும் வரை ஒன்றுமில்லை. மலை ஏற ஏறக் கண் முள்ளின் மேலேயே போனது. ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒன்று முன்னால் ஊர்ந்தது. முள் நடுவைவிட்டு ஒரு நூலளவு மேலே நகர்ந்தது. போச்சுடா என்று அவர் இடது கை பானெட் பிடியைத் தேடி இறங்கியது. கோடு இல்லை, கேட்பாரும் இல்லை. பஸ் ஒதுங்கி வழி விட்டது. இறங்கிய கை கியரைப் பிடித்தது. நாலு வளைவு தாண்டுவதற்குள் காற்றுப் பட்டு முள் தன் இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. தனியாக வண்டிக்குள் இருந்தபடி சத்தமாகவே சிரித்தார்.

கோத்தகிரியில் வசந்தமணி வாசலுக்கு வந்தாள். வண்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“எத்தனை இடத்துல நின்னீங்க?”

“நிக்கல.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

அவள் உள்ளே போனாள். இரண்டு நிமிஷத்தில் பெட்டியோடு வந்தாள். பெட்டி கட்டியே இருந்திருக்கிறது! மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. பாதியில் நிற்கிற ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வந்தது. “நல்லாத்தான் இருக்கு, இதைச் சரி பண்ணிறாதீங்க” என்றாள். மலை இறங்கி மேட்டுப்பாளையம் வந்ததும் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். அவர் விரல் அவள் மூக்கருகே போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வந்தார். மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் எந்த ஊரில் விழுந்தது என்று அவருக்கே தெரியாது.

நேராகப் பட்டறைக்கு வந்தார். வசந்தமணி இருக்கையில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். பிலோமினா சத்தமில்லாமல் பானெட்டைத் தூக்கினாள். மூடியைத் தொடவில்லை. பக்கத்தில் பழுப்பேறிக் கிடந்த பிளாஸ்டிக் கூலன்ட் டப்பாவின் பின்னால் டார்ச்சைப் பிடித்தாள். வெளிச்சத்தில் நீர்மட்டம் நின்ற இடம் தெரிந்தது. காலையில் கிளம்பும்போது அவர் பார்த்து வைத்த அதே இடம்.

மருதாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் படித்த படிப்பு விடவில்லை.

“மேஸ்திரியம்மா, ரேடியேட்டர்ல ஒழுகல் இல்ல, என்ஜின்ல வெடிப்பு இல்ல. அப்ப ஓட்டை எங்கதான் இருந்துச்சு?” என்று மெதுவான குரலில் கேட்டார்.

பிலோமினா டார்ச்சை அணைத்தாள். அவருடைய வலது கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்தில் திருப்பினாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஆவி பட்டுச் சிவந்த வடுக்கள், சின்னதும் பெரிசுமாக இருந்தன. புதுசாக ஒன்றும் இல்லை.

“இங்கதானுங் சார்” என்றாள். “இன்னைக்கு ஒழுகல.”