நூற்புழு வெயிலை இழந்த கதை

அந்தக் காலத்தில் புழு பூச்சிக்கெல்லாம் வாய் இருந்தது. அதைக் கேட்க மனிதர்களுக்கும் பொறுமை இருந்தது. அப்போது கடலோர உப்பளம் ஒன்றில் பேராச்சி என்றொருத்தி குடியிருந்தாள். அவள் புருஷன் சுடலைமுத்துவுக்கு ஓயாத இருமல். தூதுவளை இலையை அரைத்துக் கொடுத்தால்தான் நெஞ்சு கொஞ்சம் இளகும், இரண்டு வாய் கஞ்சி இறங்கும். உப்பு மண்ணில் தூதுவளைக்கு எங்கே போவது? ஆற்றங்கரையிலிருந்து கூடை மண்ணைத் தலையில் சுமந்து வந்து, ஒரு தொட்டியில் கொட்டி, கொடியை நட்டு வைத்திருந்தாள்.

அந்த மண்ணோடு இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவன் வேர்ப்புழு. வெள்ளையாய், உருண்டையாய், தின்பதைத் தவிர வேறு வேலை தெரியாதவன். இன்னொருவன் நூற்புழு. இன்றைக்கு மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஜீவன் இல்லை அவன். சுண்டுவிரல் நீளத்தில் செக்கச்செவேலென்று இருப்பான். தொட்டி விளிம்பில் ஏறி வெயில் காய்வதில் அப்படி ஒரு மோகம் அவனுக்கு. சுற்றிலும் உப்பு, இறங்கினால் சாவு. ஆகவே ஒருவனுக்கு ஒருவன்தான் பேச்சுத்துணை. மேலே பார்த்ததையெல்லாம் நூற்புழு வந்து சொல்வான். மண்ணுக்குள் கிடப்பவன் வாயைப் பிளந்து கேட்பான்.

கொடி வாடத் தொடங்கியது. தரையில் நிற்கும் செடி என்றால் வேரை வேறு பக்கம் ஓட்டிப் பிழைத்துக்கொள்ளும். தொட்டிச் செடி எங்கே ஓடும்? பேராச்சி மண்ணைக் கிளறிப் பார்த்தாள். வேர்ப்புழு அகப்படவில்லை, இருந்த வேரில் பாதி அறுந்ததுதான் மிச்சம்.

“எய்யா, கொஞ்சம் பொறுத்துத் தின்னக் கூடாதா? வீட்டுக்குள்ள மனுசன் மூச்சு விட முடியாமக் கெடக்காரு” என்று தொட்டிக்குள் குனிந்து கெஞ்சினாள்.

“பசிக்குதே எக்கா, நான் என்ன செய்ய?” என்றான் வேர்ப்புழு. அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

சுடலைமுத்துவுக்குக் கஞ்சியும் இறங்காமல் போன அன்று, விளிம்பில் கிடந்த நூற்புழுவிடம் போய் உட்கார்ந்தாள்.

“நீதான்யா ஒரு வழி பண்ணணும். ஒன்னையத்தான் அவன் நம்புதான்.”

“அவன் எனக்குக் கூட்டாளிக்கா.”

“இவரு எனக்குப் புருசன்.”

வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. நூற்புழு விளிம்பிலிருந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

“அவன் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?”

“நான் இருக்கேம்லா. ஒன்னைய விட்டுருவேனா?” என்றாள் பேராச்சி. மனதாரத்தான் சொன்னாள்.

பொழுது சாய்ந்ததும் நூற்புழு வயிற்றை எக்கி, உடம்பை இழுத்து இழுத்து நூலாக மெலிந்தான். மண்ணின் அழுகலை வாய் நிறைய அடக்கிக்கொண்டு கீழே இறங்கினான். பேராச்சி தொட்டியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏல, என்ன இப்படி மெலிஞ்சிட்ட? குளிருதா?” என்றான் வேர்ப்புழு.

“ம்...”

“அப்போ எனக்குள்ள வந்து படுத்துக்கோ.”

வாயைத் திறந்து கொடுத்தான். நூற்புழு உள்ளே போய், கொண்டுவந்த அழுகலை அவன் வயிற்றில் கக்கினான். கொஞ்ச நேரத்தில் வேர்ப்புழு முனகினான். “வயிறு எரியுதுல. நீ வெளிய போயிரு. ஒனக்கும் ஏதாவது ஆயிரப் போவுது.”

அதற்குமேல் அவன் பேசவில்லை. பேராச்சி காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

நூற்புழு பல நாள் வெளியே வரவில்லை. கூட்டாளியின் உடம்பைத் தின்று, அதற்குள்ளேயே பிள்ளைகளைப் பெற்றான். ஒருநாள் காலையில் விளிம்புக்கு ஏறி வந்தான். வெயில் மேலே பட்டதுதான் தாமதம், உடம்பு சுருண்டது.

“எக்கா, வெயில் என்னைய ஏத்துக்க மாட்டேங்கு” என்றான். அவள் ஓடி வந்து நிழல் பிடிப்பதற்குள் காய்ந்து போனான்.

பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிசுகள். மேலே வரவே பயந்தன. பேராச்சி கஞ்சித் தண்ணீர் ஊற்றினாள், தொடவில்லை. பிணத்துக்குள் பிறந்த பிள்ளைகளுக்கு வேறு சாப்பாடு தெரியாது. மனசு கேட்காமல் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் விட்டாள். தொட்டியில் தங்கியவை பட்டினியில் மடிந்தன.

கொடி தளிர்த்தது. சுடலைமுத்து எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். “இந்த எல நல்லாருக்கு பிள்ள” என்றான். அவளுக்கு அழுகைதான் வந்தது.

அடுத்த மழைக்குத் தொட்டியில் இன்னொரு வேர்ப்புழு வந்துவிட்டான். அவன் குரல் கேட்பதற்குள் பேராச்சி ஆற்றங்கரைக்குப் போய்விட்டாள். நூற்புழுவின் பிள்ளைகளை விட்ட இடத்திலேயே ஈரமண்ணை அள்ளி வந்து தண்ணீரில் கரைத்தாள். வெயில் தாழும்வரை காத்திருந்து தொட்டியில் ஊற்றினாள். இந்தத் தடவை யாரையும் ‘எய்யா’ என்று கூப்பிடவில்லை, எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

தொட்டிச் செடி வளர்ப்பவர்கள் பொழுது சாய்ந்த பிறகு நூற்புழுவைத் தண்ணீரில் கலந்து ஈரமண்ணில் ஊற்றுவதும், வேர்ப்புழு தீர்ந்ததும் அவையும் அங்கேயே பட்டினி கிடந்து சாவதும், அதை யாரும் குனிந்து பார்க்காமல் இருப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.