பத்துப் போட்டியும் ஓர் உடும்பும்

நெல்லிமடைக் காட்டில் ஒரு சிறுத்தையும் ஓர் உடும்பும் இருந்தன. சிறுத்தை ஐந்து வருடமாகக் காட்டின் மாவீரன். உடும்பு ஐந்து வருடமாக அதனிடம் தோற்றுக்கொண்டே இருந்தது.

என்ன போட்டி என்கிறீர்களா? ஒன்றல்ல, பத்து! ஓட்டம், நீச்சல், மரமேறுதல், குழி தோண்டுதல் என்று பத்தையும் இரண்டே நாளில் முடிக்க வேண்டும். ஒன்றில் சுழியம் வாங்கினாலும் ஆள் வெளியே! ஜெயித்தவரின் இனம்தான் கோடை முழுக்கச் சுனையில் முதலில் தண்ணீர் குடிக்கும். கடைசியில் வருபவர்களுக்குச் சேறுதான் மிச்சம். போன கோடையில் அந்தச் சேற்றை நக்கியே உடும்பின் இரண்டு குஞ்சுகள் செத்துப்போயின. அதனால்தான் அது ஆறாவது முறையும் வந்து நின்றது.

"மறுபடியும் வந்துட்டியா? உனக்கு வெட்கமே கிடையாதா?" என்று சிரித்தது சிறுத்தை.

"வெட்கம் இருக்கு அண்ணே. தாகம் அதைவிட அதிகமா இருக்கு!" என்றது உடும்பு.

யானையால் மரமேற முடியவில்லை. குரங்கு தண்ணீரைப் பார்த்ததுமே ஓட்டம் பிடித்தது. மானுக்குக் குழி தோண்ட வரவில்லை. எட்டுப் போட்டி முடிந்தபோது மிஞ்சியவர்கள் இரண்டே பேர். சிறுத்தை ஆறில் முதலாவது. உடும்பு ஒன்றில்கூட முதலாவது இல்லை, ஆனால் எதிலும் சுழியம் வாங்கவில்லை.

ஒன்பதாவது, கம்பு தாண்டுதல். கம்பு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று தாண்டுபவரே சொல்லலாம். வாய்ப்பு மூன்று. நடுவர் நாரை.

"உங்க கணுக்கால் உயரத்துல வைங்கம்மா" என்றது உடும்பு. காடே கைகொட்டிச் சிரித்தது. முதல் தடவை கம்பில் வயிறு இடித்தது. அடுத்த தடவை வால் தட்டியது. மூன்றாவது தடவை, அப்பாடா, தாண்டிவிட்டது! கிடைத்தது ஒரே ஒரு புள்ளி.

"எனக்கு யானையோட தோள் உயரத்துல வைங்க!" என்றது சிறுத்தை.

"தம்பி, எட்டுப் போட்டி ஆடிக் களைச்ச கால் அது. முதல்ல என் முட்டி உயரத்தைத் தாண்டி ஒரு புள்ளியை வாங்கு. அப்புறம் ஏத்திக்கலாம்" என்றது நாரை.

"முட்டி உயரமா? நானா? அசிங்கம்!"

சிறுத்தை பாய்ந்தது. கம்பு விழுந்தது. மறுபடி பாய்ந்தது. மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை கம்போடு சேர்ந்து சிறுத்தையும் விழுந்தது.

"யானைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க!" என்றது குரங்கு.

"அவன் விழுந்ததுக்கு என்னை ஏன்டா இழுக்கிறே?" என்றது யானை.

சிறுத்தைக்குச் சுழியம். ஆனால் உடும்பு இன்னும் ஜெயிக்கவில்லை. பத்தாவது போட்டி பாக்கி. பொழுது சாய்வதற்குள் வறண்ட ஏரிக்குள் ஒரு சுற்று ஓடி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் தண்ணீர் உரிமை பழையபடி சிறுத்தைக் கூட்டத்துக்கே!

உடும்பு ஓடியது. தரை கொதித்தது. முக்கால் சுற்றில் நான்கு பாதமும் வெந்து கொப்பளித்தன. அது விழுந்தது, எழுந்தது, இழுத்து இழுத்து நகர்ந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போது சிறுத்தை ஏரிக்குள் இறங்கியது. உடும்புக்கு வெயில் படும் பக்கமாகப் போய், கூடவே நடந்தது. அதன் நிழல் உடும்பின் மேல் விழுந்தது.

"என்ன அண்ணே இது? நான் நின்னுட்டா தண்ணி உங்களுக்குத்தானே!"

"பேசாம நட! அஞ்சு வருஷம் ஜெயிச்சேன். ஒரு தடவைகூட நான் இப்படி ஓடினதில்லை!"

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரம், உடும்பு எல்லைக்கோட்டைத் தொட்டது. அடேயப்பா, யானை முதல் எறும்பு வரை எல்லோரும் தலைவணங்கினார்கள்! உடும்பு அதைப் பார்க்கவே இல்லை. மிஞ்சியிருந்த குஞ்சை அழைத்துக்கொண்டு நேரே சுனைக்குப் போனது. தெளிந்த தண்ணீரைக் குஞ்சு வயிறு நிறையக் குடித்தது.

சிறிய உயரத்தைக் கேவலம் என்று நினைப்பவர் கைக்கு வந்ததையும் இழப்பார். அதையும் மதித்துத் தாண்டுபவரே கடைசிவரை நிலைப்பார்.