ஏழாவது நிபந்தனை

ஆனைமலைக் காட்டில் ஒரு பெரிய மரம் இருந்தது. அதன் நடுவில் நல்ல அகலமான பொந்து ஒன்று இருந்தது. பொந்துக்குச் சொந்தக்காரர் நாச்சிமுத்து என்ற மலையணில். அவர் உச்சிக் கிளையில் இலைக்கூடு கட்டி வாழ்ந்தார். பொந்தை வாடகைக்கு விட்டு வந்தார்.

நாச்சிமுத்து கெட்டவர் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். முன்பு ஒரு தேனீக் கூட்டம், "ரெண்டே வாரமுங்க" என்று சொல்லிக் குடிவந்து மூன்று வருஷம் இருந்தது. காலி செய்யச் சொன்னால் கொட்டியது. பாவம், மூக்கு வீங்கிச் சாப்பிட முடியாமல் கிடந்தார். இனிமேல் பத்திரம் போடாமல் யாருக்கும் வீடு கிடையாது என்று அன்றைக்கே முடிவெடுத்தார்.

ஒரு நாள் வெள்ளியங்கிரி, மாசாணி என்று ஒரு இருவாச்சித் தம்பதி பொந்து கேட்டு வந்தார்கள். அலகு இத்தனை பெரிதாக மஞ்சளாக இருக்குமே, அந்தப் பறவைகள்தான். நாச்சிமுத்து அவர்களைப் பத்திரம் எழுதும் குப்பாண்டியிடம் அழைத்துப் போனார். குப்பாண்டி ஒரு முள்ளம்பன்றி. முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவிக் காய்ந்த தேக்கிலையில் எழுதுவார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் அவரிடம் ஒரே ஒரு மாதிரிதான் இருந்தது. எப்போதோ ஒரு முயல் வளைக்காக எழுதியது. யார் வந்தாலும் பெயரை மட்டும் மாற்றி அதையே எழுதிக் கொடுத்துவிடுவார்.

"எங்களுக்கு எத்தனை வாரம் வேணும்னா..." என்று மாசாணி ஆரம்பித்தாள்.

"காட்டுல எல்லாருக்கும் பதினோரு வாரம்தான். இங்கே அலகை வையம்மா," என்றார் குப்பாண்டி.

"ஒரு தடவை படிச்சுக் காட்டுங்களேன்."

"எல்லாம் வழக்கமா எழுதறதுதான். இன்னும் நாலு பேர் காத்திருக்காங்க."

நாச்சிமுத்து பல்லைப் பதித்தார். இருவாச்சிகள் அலகைப் பதித்தார்கள். மூன்று பேரில் ஒருவராவது படித்தாரா என்றால் இல்லை. நாம் மட்டும் என்ன, படித்துவிட்டா கையெழுத்துப் போடுகிறோம்?

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் தாய் பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடும். ஒரு சின்னச் சந்து மட்டும் இருக்கும். அது வழியாகத் தகப்பன் பழம் ஊட்டும். உள்ளே இருக்கும் தாய்க்கு இறகெல்லாம் உதிர்ந்துவிடும். அது மறுபடி முளைத்து, குஞ்சும் பறக்கத் தயாராகப் பதினேழு வாரம் ஆகும். குடிவந்ததும் மாசாணியும் அப்படியே செய்தாள்.

பதினோரு வாரம் முடிந்தது. நாச்சிமுத்து தேக்கிலையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். பார்த்தால் வாசலையே காணோம்! வாசல் இருந்த இடத்தில் மண்சுவர்தான் இருந்தது. அவருக்குத் தேனீ ஞாபகம் வந்து மூக்கு எரிந்தது.

"ஏன் தம்பி, என் வீட்டு வாசலை அடைச்சு உன் வீடாவே ஆக்கிக்கலாம்னு பார்க்கறயா?" என்று வெள்ளியங்கிரியைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யோ, இல்லீங்க அண்ணா. உள்ளே குஞ்சு இருக்குது. இன்னும் ஆறு வாரம் பொறுத்துக்குங்க."

"தேனீயும் இப்படித்தான் சொல்லுச்சு. ஒதுங்கு, நானே கடிச்சு உடைக்கிறேன்."

"உடைச்சா மரநாய் உள்ளே பூந்துருமுங்க. அவளால பறக்க முடியாது. குஞ்சுக்கு ஒரு இறகுகூட முளைக்கலீங்க." வெள்ளியங்கிரியின் வாயிலிருந்த பழம் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

அப்போது சந்து வழியாக மாசாணியின் குரல் வந்தது. "அண்ணா, பத்திரத்துல என்னங்க எழுதியிருக்குது? படிங்க, கேட்கறேன்."

நாச்சிமுத்து இலையை விரித்தார். "ஒண்ணு, வளைக்குள்ளே கிழங்கு குவிக்கக் கூடாது. ரெண்டு, பின்பக்கம் இன்னொரு வளை தோண்டக் கூடாது." தலையைச் சொறிந்துகொண்டார். மரப்பொந்தில் யார் வளை தோண்டப் போகிறார்கள்? "மூணு, வாசலை அடைக்கக் கூடாது." இப்போது குரல் உயர்ந்தது. "நாலு, பதினோரு வாரம் முடிஞ்ச அன்னைக்கே காலி செய்யணும்."



"அலகு வெச்சது நான்தானுங்க," என்றாள் மாசாணி. "படிக்காம வெச்சது என் தப்பு. நீங்க ஒண்ணும் உடைக்க வேண்டாம். நானே உடைச்சுட்டு வர்றேன்."

டொக், டொக் என்று உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. வெள்ளியங்கிரி கண்ணை மூடிக்கொண்டான். ஒரு மண்கட்டி பெயர்ந்து விழுந்தது. நாச்சிமுத்து அந்த ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார்.

இறகு உதிர்ந்து மொட்டையாக நின்றாள் மாசாணி. அவள் காலடியில் வெறும் தோலோடு ஒரு குஞ்சு கிடந்தது. ஓட்டையில் ஒரு முகம் தெரிந்ததும், அப்பாதான் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து நாச்சிமுத்துவைப் பார்த்து 'ஆ' என்று வாயைத் திறந்தது.

அவர் கையில் தேக்கிலையைத் தவிர ஒன்றும் இல்லை. நாச்சிமுத்துவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நிறுத்து அம்மிணி. நான் இன்னும் முழுசாப் படிக்கலை," என்று அவசரமாகச் சொன்னார். விரலை இலையில் கீழே கீழே ஓட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் அவருக்கு மூச்சு வந்தது.

"ஏழு, குடியிருக்கறவங்க உள்ளே இருக்கும்போது சுவர்ல ஓட்டை விழுந்தா, வீட்டுக்காரர் அன்னைக்கே பூசிக் கொடுக்கணும்." அதை இன்னொரு தடவை சத்தமாகப் படித்தார். "கேட்டுதா? எழுதியிருக்குது. நான் என்ன பண்ண முடியும்?"

விறுவிறுவென்று ஓடைக்கு இறங்கினார். வாய் நிறைய, கை நிறைய ஈரமண்ணோடு ஏறினார். நாலு நடை ஆயிற்று. மீசையெல்லாம் சேறு.

"மேலே கொஞ்சம் சந்து விடுங்க அண்ணா, சாப்பாடு வரணும்," என்று உள்ளேயிருந்து மாசாணி சொல்லிக் கொடுத்தாள். அவள் அழுதுகொண்டே சொன்னாள். அவருக்கும் கண் கலங்கியது. சேறு பட்டுவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

பூசி முடித்த கையோடு குப்பாண்டியை மரத்தடிக்கு வரவழைத்தார்.

"இன்னொரு பதினோரு வாரம் போட்டுறலாமா?" என்று குப்பாண்டி முள்ளை உருவினார்.

"குஞ்சு பறக்கற வரைக்கும்னு போடு."

"அப்படியெல்லாம் எழுதி எனக்குப் பழக்கமில்லையே."

"பழகிக்கோ. எழுதினதைச் சத்தமாப் படி. உள்ளே இருக்கற அம்மிணிக்கும் கேட்கணும். அப்புறம்தான் பல்லு வைப்பேன்."

ஆறு வாரம் போனது. ஒரு நாள் காலையில் மண்சுவர் உடைந்தது. மாசாணி புது இறகுகளோடு வெளியே வந்தாள். பின்னாலேயே குஞ்சு தட்டுத்தடுமாறிப் பறந்தது. நேராக உச்சிக் கிளைக்குப் போய், நாச்சிமுத்துவின் எதிரில் உட்கார்ந்து 'ஆ' என்று வாயைத் திறந்தது.

இந்தத் தடவை அவர் கையில் ஓர் அத்திப்பழம் இருந்தது.

யார் குடியிருக்கப் போகிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டுப் பத்திரம் எழுத வேண்டும்; எழுதியதைக் கையெழுத்துப் போடும் முன்பே கடைசி வரி வரைக்கும் இரண்டு பேரும் படித்துவிட வேண்டும்.