பூட்டிய சொல்

“எட்டுப் பேருக்கு வேலை போச்சு, சாமி. ஒரு எழுத்தைக்கூட எவனும் படிக்கலைன்னு அந்தப் பேச்சாளன் இன்னும் சாதிக்கிறான்!”

மலையடிவாரத்து மடத்தில் மூன்றாவது நாளாக இதையே சொல்லிக்கொண்டிருந்தாள் செங்கமலம். வயது ஐம்பத்து மூன்று. நூற்பாலைப் பெண்களின் சங்கத்துக்குச் செயலாளர்.

மடத்துத் துறவி வான்மதி அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

“படிக்கலைன்னா ஆலைக்கு எப்படித் தெரிஞ்சுது, அக்கா?”

“வேலைநிறுத்தம் பேசுறோம்னு ஆலை போலீசுக்குப் போச்சு. நாங்க போன்ல செய்தி அனுப்பிக்கிற செயலி இருக்கே, அந்தக் கம்பெனியைப் போலீஸ் கேட்டுச்சு. குழுவில எந்தெந்த நம்பர், யார் யாரோட எப்பப் பேசினாங்க, அத்தனையும் கம்பெனிகிட்ட இருந்திருக்கு. தூக்கிக் கொடுத்துட்டான். அந்தப் பட்டியல் அப்படியே ஆலைக்கு வந்துட்டுது.”

“பேசினது என்னன்னும் கொடுத்தானா?”

“அது பூட்டித்தான் இருந்துச்சாம். பூட்டு! அந்தப் பேச்சாளன் எழில்நிலவன் எங்க சங்கக் கூட்டத்துக்கே வந்து மைக் பிடிச்சான். ‘நடத்துறவங்களாலயே திறக்க முடியாது, கண்ணை மூடிக்கிட்டு நம்புங்க’ன்னான். இப்பப் போய்க் கேட்டா, ‘சொல் பத்திரமாத்தானே இருக்கு? பட்டியலைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே’ங்கிறான். அதே கம்பெனி நடத்துற மாநாட்டில மேடை ஏறுறவன், சாமி! நியாயமா இது?”

“இல்லை.”

செங்கமலம் திகைத்தாள். பொறுமையாக இருக்கச் சொல்வார் என்று நினைத்திருந்தாள்.

“அநியாயம்தான். அவனை விடாதீங்க. கம்பெனியையும் விடாதீங்க.”

“அப்ப யாரைத்தான் நம்புறது?”

வான்மதி அடுப்படியைப் பார்த்துக் கையசைத்தார். சமையல் செய்யும் ராக்காயி எழுந்து வந்தாள். பிறவியிலேயே காது கேளாதவள். பேச்சும் கிடையாது.

வான்மதி செங்கமலத்தைச் சுட்டிக்காட்டிக் கையை விரித்தார். இவங்களைப் பத்தி என்ன தெரியும்?

“நான் பேசின ஒரு வார்த்தைகூட அவ காதில விழலையே. அவளுக்கு என்ன தெரியும்?”

ராக்காயி முந்தானையில் கையைத் துடைத்தாள். விறுவிறுவென்று வாசல் கதவுப் பக்கம் நடந்தாள்.

செங்கமலம் போன் பேசுவதுபோலக் காதில் கையை வைத்தாள். உதட்டை அசைத்தாள். கண்ணைத் துடைத்தாள். ஒரு விரல் காட்டினாள்.

மறுபடி காதில் கை. இரண்டு விரல்.

ஏழு வரை வந்தாள்.

எட்டாவது தடவை கை பாதியில் நின்றது. உள்ளங்கையையே வெறித்துப் பார்த்தாள். இடுப்பில் எதையோ செருகிக்கொள்வதுபோலச் செய்துவிட்டுத் தலை குனிந்து திரும்பி நடந்தாள்.

மூன்று விரல் காட்டினாள். மூன்று நாளும் இப்படித்தான்.

செங்கமலத்துக்கு முகம் கொதித்தது.

“என்னை வேவு பார்த்தாளா?”

“பார்த்தா. கேட்கலையே, அக்கா.”

ராக்காயி அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

“அந்த எட்டாவது ஆள் யாரு?” என்றார் வான்மதி.



“சுடர்க்கொடி, ராஜபாளையத்துக்காரி. ஏழு மாசக் கர்ப்பம். குழுவில சேரவே மாட்டேன்னா. ‘என் நம்பர் அதில இருக்குமே அக்கா, ஆலைக்குத் தெரிஞ்சிட்டா?’ன்னு அவ ஒருத்திதான் கேட்டா.”

“அதுக்கு எழில்நிலவன் என்ன சொன்னான்?”

“அவன் எங்க இருந்தான்? கூட்டம் முடிஞ்சதும் கார் ஏறிப் போயிட்டான்.”

“அப்ப அவளுக்குப் பதில் சொன்னது யாரு?”

செங்கமலம் வான்மதியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். சுடர்க்கொடியின் பெயர் வரைக்கும் விரல் போயிற்று. அங்கேயே நின்றது.

போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“ராஜபாளையத்துக்கு அடுத்த பஸ் எப்ப, சாமி?”